மிதித்தால் ஒலிக்கும் இரட்டைச் சுருதி வாயில்மணி

வீட்டிற்குள் யாரேனும் வந்தால் வீட்டில் இருப்பவருக்கு அது தெரிய வேண்டும். வீட்டிலிருந்து யாரேனும் வெளியே சென்றாலும் தெரிய வேண்டும். சொல்வதற்கு எளிதாக இருக்கும் இவ்விரண்டும் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு அத்துணை எளியவை அல்ல. பொழுது விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, அங்கிருந்து பால் வெட்டப் புறப்படும் பெற்றோர் வீடு திரும்ப நண்பகலாகிவிடும். அதுவரை வீட்டில் இருப்போர் பெரும்பாலும் முதியவர்களும், பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளுமே ஆவர். பாட்டி பின்கட்டு அடுப்படியில் இருப்பார். பேரக்குழந்தை தவழ்ந்தவாறே முன்வாயிலைத் தாண்டிச் சாக்கடை ஓரத்திற்குப் போய்விடும். தகரக் கூரையின் மீது மழை கொட்டும் வேளையில் வாயிலில் நின்று எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் அடுப்படிக்குக் கேட்பதில்லை. மறதி நோயினால் வாடும் முதியவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்துவிட்டால், அதனை உணர்வதற்குள் அவர் நெடுந்தொலைவு சென்றிருப்பார்.

இத்தகைய வீடுகளுக்கு உதவும் பொருட்டு, மிதித்தால் தானே ஒலிக்கும் வாயில்மணி ஒன்றினைச் சில வெள்ளிகளில் நாமே செய்துகொள்ளலாம். வாயிற்படியில் விரித்த பாயின் மீது பாதம் பட்டதும் ‘டிங்’ என்னும் உயர்ந்த ஒலியும், பாதம் எடுபட்டதும் ‘டாங்’ என்னும் தாழ்ந்த ஒலியும் அடுப்படியில் கேட்கும். பொத்தானை அழுத்த வேண்டிய தேவை இல்லை. மின்கலங்களாலேயே இயங்குவதால், வீட்டு மின்சாரத்தை அணுக வேண்டிய தேவையும் இல்லை. பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில், இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் இதனை இரண்டு மூன்று மாலைப்பொழுதுகளில் செய்து முடிக்கலாம்.

இரண்டு ஒலி எதற்கு?

ஒரே ஒலியை எழுப்பும் சிறு கருவிகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. எனினும் அவற்றில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, அவற்றின் கீச்சொலி பெரும்பாலும் விநாடிக்கு 2,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டது. முதுமையில் செவிப்புலன் குன்றும்போது முதலில் குறையத் தொடங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் ஆற்றலே ஆகும். ஆகவே, எவருக்காக மணியை மாட்டினோமோ அவருக்கே அது கேட்காமற் போகலாம். நாம் செய்யவிருக்கும் மணி ஏறத்தாழ 600 அதிர்விலும் 480 அதிர்விலும் ஒலிக்கும். மனிதர் பேசும் குரலின் வட்டத்திற்குள் அடங்கும் இவ்வொலிகள் முதியோர் செவிக்கும் எட்டும்.

இரண்டாவது குறை, ஒற்றை ஒலி எதனைக் குறிக்கிறது என்பது தெளிவாவதில்லை. கைப்பேசியோ, மோட்டார்ச் சைக்கிளோ, சுவர்க்கோழியோ என மயங்க நேரிடும். உயர்ந்து பின் தாழும் இரட்டை ஒலியை எவரும் ஐயமின்றி இனங்கண்டுகொள்வர். மேலும், அது இரண்டு செய்திகளைத் தருகிறது. ‘டிங்’ என்றால் ஒருவர் பாயின் மீது ஏறினார். ‘டாங்’ என்றால் கடந்து சென்றார். ‘டிங்’ மட்டும் விடாது ஒலித்தால், யாரோ வாயிலில் நிற்கிறார், அல்லது விழுந்து கிடக்கிறார் என்று பொருள். உடனே சென்று பார்க்க வேண்டும்.

இவ்விரட்டை ஒலி புதியதன்று. பழைய மின்மணிகளில் கம்பிச்சுருள் ஒன்றினுள் இரும்புத் தண்டு ஒன்று இருக்கும். பொத்தானை அழுத்தினால் மின்காந்தம் அத்தண்டை இழுக்க, அது ஒரு பக்கத்து உலோகப் பட்டையில் மோதி ‘டிங்’ என ஒலிக்கும். பொத்தானை விட்டதும் வில்சுருள் தண்டைத் திரும்பத் தள்ள, அது மறுபக்கத்துப் பட்டையில் மோதி ‘டாங்’ என ஒலிக்கும். அதே ஒழுங்கினை நம் மணி தண்டும் பட்டையும் இன்றி மின்னணுவியல் வழியே செய்கிறது.

மின்தேக்கி என்னும் மங்கு

இம்மணியின் உயிர்நிலை நேரத்தை அளப்பதில் உள்ளது. விநாடியில் அறுநூற்றில் ஒரு பங்கு, நானூற்றெண்பதில் ஒரு பங்கு ஆகிய நுண்ணிய நேரங்களை அளக்கத் தெரிந்தால் ஒலி பிறந்துவிடும். அந்நேரத்தை அளப்பது எவ்வாறு?

பால்மரத்தில் கோடு வெட்டியதும் பால் வழிந்து, பீலி வழியாக மங்கில் சொட்டுகிறது. மங்கு நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? அது இரண்டைப் பொறுத்தது. ஒன்று, பால் வடியும் வேகம். மற்றொன்று, மங்கின் கொள்ளளவு. வடிவது மெதுவாக இருந்தால் நேரம் கூடும். மங்கு பெரிதாக இருந்தாலும் நேரம் கூடும்.

மின்னணுவியலில் மங்கின் வேலையைச் செய்வது மின்தேக்கி. கடைக்காரர் இதனைக் கெப்பாசிட்டர் என்பார். இது மின்னூட்டத்தைத் தன்னுள் தேக்கி வைத்துக்கொள்ளும். பீலியின் வேலையைச் செய்வது மின்தடை, அதாவது ரெசிஸ்டர். இது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி மெல்ல மெல்ல விடும். மின்தடையை ஓம் கணக்கிலும், மின்தேக்கியை ஃபாரட் கணக்கிலும் எடுத்து ஒன்றையொன்று பெருக்கினால் கிடைப்பது விநாடிக் கணக்கே ஆகும். இவ்வொன்றனை நினைவில் நிறுத்தினால் இம்மணியின் பாதியைப் புரிந்துகொண்டவராவோம்.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. வெட்டியவுடன் விரைந்து வடியும் பால், நேரம் செல்லச் செல்லத் தளர்ந்து, பின்னர் சொட்டுச் சொட்டாகக் குறைகிறது. காரணம் வேறாயினும், மின்தேக்கியும் அவ்வாறே தொடக்கத்தில் விரைவாகவும், நிரம்ப நிரம்ப மெதுவாகவும் நிறைகிறது. ஆகவே, அது முழுதும் நிரம்பும் வரை காத்திருப்பது வீண். இத்தனை பங்கு நிரம்பியதும் வடித்துவிடு, இத்தனை பங்காகக் குறைந்ததும் மறுபடி நிரப்பு என்று கட்டளையிடக் காவலர் ஒருவர் வேண்டும். அக்காவலர்தாம் 555 என்னும் சில்லு.

555: ஒரு சிறு வரலாறு

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட் என்னும் பொறியியலாளர், அமெரிக்காவின் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்திற்காக 1971ஆம் ஆண்டில் இச்சில்லினை வடிவமைத்தார். 1972இல் அது விற்பனைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் உற்பத்தி நிற்கவில்லை. இலட்சக்கணக்கான நுண்பொருள்களைத் தாங்கிய சில்லுகள் தோன்றி மறைந்தும், இந்த எட்டுக்கால் பூச்சி மறையவில்லை. எளிமையும் மலிவும் உறுதியுமே அதன் நீண்ட வாழ்வுக்குக் காரணம்.

அதே 1972ஆம் ஆண்டில்தான் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பெற்றது. இண்டெல் நிறுவனம் அவ்வாண்டிலேயே அங்குத் தன் தொழிற்சாலையைத் திறந்தது. நுண்ணோக்கியின் வழியே நோக்கியவாறு, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தும் பணியில் நம் நாட்டு இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் ஈடுபட்டனர். ஆகவே, மின்னணுவியல் நமக்கு அயலானது அன்று. நம் கைகளுக்கு நெடுங்காலமாகப் பழகிய தொழிலே அது.

555இன் உள்ளே மூன்று சமமான மின்தடைகள் வரிசையாக நின்று, மின்கலத்தின் அழுத்தத்தை மூன்று சம பங்குகளாகப் பிரிக்கின்றன. மின்தேக்கி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் சில்லு வடிகாலைத் திறக்கிறது. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் வடிகாலை மூடுகிறது. மின்தேக்கி மீண்டும் நிரம்புகிறது. நிரம்பும்போது சில்லின் வெளிவாயில் உயர்ந்த அழுத்தத்திலும், வடியும்போது தாழ்ந்த அழுத்தத்திலும் இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் ஒலிபெருக்கியின் தாளை முன்னும் பின்னும் அசைக்கிறது. விநாடிக்கு 480 முறை அசைந்தால் அதுவே ‘டாங்’.

மின்கலம் சற்று வலுக்குறைந்தாலும் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்னும் பங்குகள் மாறுவதில்லை. ஆதலால் ‘டாங்’ ஒலியின் சுருதி பெரிதும் மாறாது. அதன் உரப்பு மட்டுமே குறையும்.

ஒரு சில்லில் இரண்டு சுருதி

இனி, ஒரே சில்லு இரண்டு ஒலிகளை எழுப்பும் வகையைக் காண்போம். நிரப்பும் பாதையில் மூன்று மின்தடைகள் வரிசையாக உள்ளன. அவை 82 கிலோ ஓம், 18 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ஆகியன. வடியும் பாதையில் 100 கிலோ ஓம் மட்டுமே உள்ளது. நிரம்பும்போதும் வடியும்போதும் இந்த 100 குறுக்கிடுவதால், கணக்கில் அதனை இருமுறை சேர்க்க வேண்டும். 82, 18, 100, 100 எனக் கூட்டினால் 300 கிலோ ஓம். மின்தேக்கியின் அளவு 0.01 மைக்ரோ ஃபாரட். இரண்டையும் பெருக்கினால் 0.003 விநாடி. இச்சில்லுக்கு உரிய 1.44 என்னும் எண்ணை 0.003ஆல் வகுத்தால் 480 கிடைக்கும். இதுவே ‘டாங்’ ஒலியின் அதிர்வெண்.

பாயை மிதித்ததும் 82 கிலோ ஓம் மின்தடைக்கு ஒரு குறுக்குவழி திறக்கிறது. மின்சாரம் அதனைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. தடை குறைந்ததால் மின்தேக்கி விரைவில் நிரம்புகிறது, சுருதி உயர்கிறது. கணக்கின்படி அது 660 ஆக வேண்டும். ஆனால், குறுக்குவழியில் நிற்கும் டையோடு தன் பங்கிற்குச் சிறிது அழுத்தத்தை விழுங்குவதால், ஏறத்தாழ 600 அளவிலேயே நிற்கும். 600க்கும் 480க்கும் உள்ள விகிதம் ஐந்துக்கு நான்கு. இசை பயின்றோர் இதனை அந்தர காந்தாரத்திற்கும் ஸட்ஜத்திற்கும் உள்ள இடைவெளி என உடனே அறிவர். காந்தாரத்திலிருந்து ஸட்ஜத்திற்கு இறங்கும் இவ்வொலி காதுக்கு இனிமையாகவும், ஒரு செய்தி சொல்லி முடித்தது போன்ற நிறைவுடனும் அமையும்.

பாதம் எடுபட்ட பின்னரும் ‘டாங்’ ஒலி ஒரு விநாடி நீடிக்க வேண்டும் அல்லவா? அதற்கு இன்னொரு மங்கு உள்ளது. அது 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. மிதித்த கணத்திலேயே அது நிரம்பிவிடும். பாதத்தை எடுத்ததும் 47 கிலோ ஓம் மின்தடை வழியே மெல்ல வடியும். அதில் போதிய அழுத்தம் இருக்கும் வரையில் சில்லு ஒலிக்கும், வற்றியதும் வாய்மூடும். 47 கிலோ ஓமை 10 மைக்ரோ ஃபாரடால் பெருக்கினால் 0.47 விநாடி. சில்லு வாய்மூடும் அளவுக்கு வற்ற, அதனைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆகும். ஆகவே ‘டாங்’ ஒரு விநாடியளவு ஒலிக்கும். இன்னும் நீள வேண்டுமாயின், 10க்குப் பதிலாக 22 மைக்ரோ ஃபாரட் போடலாம்.

தேவையான பொருள்கள்

7555 அல்லது டிஎல்சி 555 சில்லு: 1. அதனைச் செருகும் எட்டுக்கால் தாங்கி: 1.

மின்தடைகள்:
அ – 82 கிலோ ஓம் (சாம்பல், சிவப்பு, செம்மஞ்சள் வளையங்கள்)
ஆ – 18 கிலோ ஓம் (பழுப்பு, சாம்பல், செம்மஞ்சள்)
இ – 100 கிலோ ஓம் (பழுப்பு, கறுப்பு, மஞ்சள்)
ஈ – 47 கிலோ ஓம் (மஞ்சள், ஊதா, செம்மஞ்சள்)
உ – 1 கிலோ ஓம் (பழுப்பு, கறுப்பு, சிவப்பு)
ஊ – 33 ஓம், அரை வாட் (செம்மஞ்சள், செம்மஞ்சள், கறுப்பு)

மின்தேக்கிகள்: 0.01 மைக்ரோ ஃபாரட் (மேலே 103 என்று அச்சிட்டிருக்கும்), 10 மைக்ரோ ஃபாரட், 100 மைக்ரோ ஃபாரட்; வகைக்கு ஒன்று.

1 என் 4148 டையோடு: 2. பிசி 337 டிரான்சிஸ்டர்: 1. எட்டு ஓம் ஒலிபெருக்கி: 1 (பழுதான வானொலிப் பெட்டியிலிருந்து எடுத்ததே போதும்). நான்கு பேனா மின்கலங்களும் அவற்றை வைக்கும் பெட்டியும். துளையிட்ட மின்சுற்றுப் பலகை, இரட்டைக் கம்பி, ஈயப்பற்று.

சில்லினை வாங்கும்போது எண்ணைக் கவனிக்க வேண்டும். என்இ 555 என்னும் பழைய வகை, ஒலிக்காமல் இருக்கும்போதும் சில மில்லி ஆம்பியர் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். மின்கலங்கள் சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். மேலும், அதன் நான்காம் கால் இவ்வமைப்பிற்கு ஒத்துவராது. 7555, டிஎல்சி 555 ஆகிய புதிய வகைகளில் இக்குறைகள் இல்லை. இவற்றைக் கொண்டு அமைத்த மணி வாளாவிருக்கும்போது எடுத்துக்கொள்வது ஒரு மில்லி ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவே. நல்ல கார மின்கலங்கள் பல மாதங்களுக்கு வரும்.

மிதிபாய் உணரி

ஒரு நிகழ்ச்சியை உணர்ந்து அதனை மின்சாரத்திற்குத் தெரிவிக்கும் உறுப்பினை உணரி என்பர். கடைகளில் பலவகை உணரிகள் கிடைக்கின்றன. எனினும், நம் கையாலேயே செய்யக்கூடியதும், பழுதுபட்டால் நாமே திருத்தக்கூடியதும் மிதிபாயே ஆகும்.

நாற்பது செண்டிமீட்டர் நீளமும் முப்பது செண்டிமீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றினை அடித்தட்டாகக் கொள்க. அதே அளவில், வளையக்கூடிய நெகிழித் தகடு ஒன்று மேற்தட்டாகும். இரண்டிலும் ஒவ்வொரு பக்கத்தில் சமையலறை அலுமினியத் தாளினை ஒட்டவும். விளிம்பில் இரண்டு செண்டிமீட்டர் அளவிற்குத் தாள் படாமல் விட்டுவிட வேண்டும். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள மெத்தென்ற நுரைத்தாளில், நான்கு செண்டிமீட்டர் விட்டமுள்ள பன்னிரண்டு வட்டத் துளைகளை வெட்டவும். அலுமினியப் பக்கங்கள் ஒன்றையொன்று நோக்குமாறு இரு தட்டுகளையும் வைத்து, நடுவே இந்நுரைத்தாளை இடவும். பாரம் இல்லாதபோது நுரை இரு தாள்களையும் பிரித்து நிறுத்தும். பாரம் விழுந்ததும் நுரை அமுங்க, துளைகளின் வழியே இரு தாள்களும் தொட்டுக்கொள்ளும். மின்வழி பூர்த்தியாகும்.

அலுமினியத்தில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. ஆகவே, கம்பியை உருக்கி ஒட்ட முயன்று நேரத்தை வீணாக்க வேண்டா. ஒவ்வொரு தட்டிலும் அலுமினியத் தாள் உள்ள ஒரு மூலையில் துளையிட்டு, சிறு திருகாணியும் வளையமும் பொருத்தி, கம்பியின் நுனியை வளையத்தின் கீழ்ச் சுற்றி முடுக்கவும். இரு தட்டுகளின் திருகாணிகளும் வெவ்வேறு மூலைகளில் இருக்க வேண்டும். ஒன்றின் திருகாணி எதிர்த் தாளைத் தொடாதவாறு அவ்விடத்தில் எதிர்த் தாளைச் சிறிது வெட்டிவிட வேண்டும்.

பிறகு, ஈரம் புகாதபடி முழுவதையும் கனமான நெகிழிப் பையில் இட்டு, விளிம்புகளை ஒட்டுநாடாவால் மூடவும். மேலே ஒரு ரப்பர் பாய் விரிக்கலாம். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, தேய்மானத்தையும் தாங்கும். நாம் வெட்டும் பாலின் பண்பு நம் வாயிற்படியிலேயே பயன்படும்.

தவழும் குழந்தைக்காக இதனை அமைப்பதாயின், பாயைக் கதவுக்கு உட்புறமாக, நிலைப்படியை ஒட்டி விரிக்க வேண்டும். குழந்தை சுற்றிக்கொண்டு போகாதபடி பாய் வாயிலின் அகலம் முழுவதையும் அடைத்திருத்தல் நலம். வாயில் அகலமானால் தட்டுகளின் நீளத்தையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்க. குவளை ஒன்றைக் கவிழ்த்து அதன் மீது ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துப் பாயின் பல இடங்களிலும் சோதிக்கவும். எங்கு வைத்தாலும் ஒலித்தால் நன்று. ஒலிக்கவில்லையெனில் நுரை கனமாக உள்ளது, அல்லது துளைகள் சிறியனவாக உள்ளன. நாயும் மிதித்தால் மணி ஒலிக்கத்தான் செய்யும். பாயை வீட்டின் உட்புறமாக இட்டால் இத்தொல்லை குறையும்.

இணைக்கும் முறை

சில்லினை மேலிருந்து பார்க்கும்போது, பிறைவடிவ வெட்டு மேற்புறம் இருக்கட்டும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8 எனக் கால்களை எண்ண வேண்டும். மின்கலத்தின் நேர்முனையிலிருந்து வரும் கம்பியை மேல்கம்பி என்றும், எதிர்முனையிலிருந்து வரும் கம்பியைக் கீழ்க்கம்பி என்றும் கொள்வோம்.

1. எட்டாம் காலை மேல்கம்பியிலும், முதற்காலைக் கீழ்க்கம்பியிலும் இணைக்கவும். இரு கம்பிகளுக்கும் இடையே 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை இடவும். அதன் நேர்முனை மேல்கம்பியில் இருக்க வேண்டும்.

2. மின்தடை ‘அ’வின் ஒரு முனையை மேல்கம்பியில் இணைக்கவும். மறுமுனையை ‘ஆ’வின் ஒரு முனையோடு சேர்க்கவும். இவ்விடத்தைச் சந்தி எனக் குறித்துக்கொள்க. ‘ஆ’வின் மறுமுனை ஏழாம் காலுக்குச் செல்லும்.

3. ஏழாம் காலுக்கும் ஆறாம் காலுக்கும் இடையே மின்தடை ‘இ’யை இடவும்.

4. ஆறாம் காலையும் இரண்டாம் காலையும் ஒரு கம்பியால் இணைக்கவும். இரண்டாம் காலிலிருந்து கீழ்க்கம்பிக்கு 0.01 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி.

5. நான்காம் காலிலிருந்து கீழ்க்கம்பிக்கு 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும், மின்தடை ‘ஈ’யும் அருகருகே செல்லும். மின்தேக்கியின் நேர்முனை நான்காம் காலில் இருக்க வேண்டும்.

6. டையோடின் ஒரு நுனியில் கறுப்புக் கோடு இருக்கும். மின்சாரம் கோடில்லாத நுனியில் புகுந்து, கோடுள்ள நுனி வழியே வெளியேறும், திரும்பி வாராது. முதல் டையோடின் கோடுள்ள நுனியை நான்காம் காலிலும், இரண்டாம் டையோடின் கோடுள்ள நுனியைச் சந்தியிலும் இணைக்கவும். கோடில்லாத நுனிகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவும். அதுவே உணரி முனை.

7. மிதிபாயின் ஒரு கம்பியை மேல்கம்பியிலும், மற்றொன்றை உணரி முனையிலும் இணைக்கவும்.

8. பிசி 337 டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மை நோக்கியும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்கும்போது, இடமிருந்து வலமாக அவை கலெக்டர், பேஸ், எமிட்டர் ஆகும். மூன்றாம் காலிலிருந்து மின்தடை ‘உ’ வழியே பேஸுக்கு இணைக்கவும். எமிட்டரைக் கீழ்க்கம்பியில் இணைக்கவும். மேல்கம்பியிலிருந்து மின்தடை ‘ஊ’, அதன்பின் ஒலிபெருக்கி, அதன்பின் கலெக்டர் என வரிசையாக இணைக்கவும். ஐந்தாம் கால் வெறுமனே இருக்கட்டும்.

சில்லினைக் கடைசியாகவே தாங்கியில் செருக வேண்டும். உடலில் சேரும் நிலைமின்சாரம் இச்சில்லினைக் கெடுக்கக்கூடும். ஆகவே, முதலில் உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டுவிட்டுப் பின்னர் சில்லினைக் கையில் எடுப்பது நலம். மின்சுற்றினைச் சிறு பெட்டியில் அடைத்து, ஒலிபெருக்கியை மட்டும் நீண்ட இரட்டைக் கம்பியால் அடுப்படிக்குக் கொண்டு செல்லலாம்.

குறைகளும் தீர்வுகளும்

மணி ஒலிக்கவே இல்லையெனில், பாயை விலக்கிவிட்டு, அதன் இரு கம்பிகளையும் கையால் ஒன்றோடொன்று தொடவிடுங்கள். அப்போது ஒலித்தால் குறை பாயில் உள்ளது. ஒலிக்காவிட்டால் பலகையில் உள்ளது. பலகையில் பெரும்பாலும் நேரும் பிழைகள் மூன்று. டையோடு தலைகீழாக இருத்தல், சில்லின் கால்களை மாற்றி எண்ணுதல், ஈயம் உருகி அண்டைக் கால்களை இணைத்துவிடுதல் ஆகியனவே அவை.

‘டிங்’ மட்டும் கேட்டு ‘டாங்’ வரவில்லையெனில், 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியின் இணைப்பைப் பாருங்கள். பாதத்தை எடுத்த பின்னரும் மணி நில்லாது ஒலித்தால், பாயினுள் ஈரம் புகுந்துள்ளது என்று அறியலாம். நீர் மெல்லிய மின்வழியாகி, யாரோ மிதிப்பது போன்ற மயக்கத்தைத் தருகிறது. பாயைப் பிரித்து, நன்கு உலர்த்தி, விளிம்புகளை மீண்டும் மூட வேண்டும். மழைக்காலத்தில் இதனைத் திங்களுக்கு ஒருமுறை கவனிப்பது நல்லது.

மின்கலம் தீரப்போகும் செய்தியை இம்மணி தானாகவே அறிவிக்கும். டையோடு விழுங்கும் அழுத்தம் ஏறத்தாழ நிலையானது. மின்கலம் வலுக்குறையக் குறைய அவ்விழப்பு பெரிதாகத் தோன்றி, உயர்ந்த சுருதி மட்டும் இறங்கிவரும். ‘டிங்’ ஒலியும் ‘டாங்’ ஒலியும் ஒன்றையொன்று நெருங்குவதாகக் காதுக்குப் பட்டால், மின்கலங்களை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பாதுகாப்பு

மின்கலங்களை அடிக்கடி மாற்ற விரும்பாதோர், 5 வோல்ட் தரும் கைப்பேசி மின்னேற்றியைப் பயன்படுத்தலாம். சிரிம் முத்திரை பெற்ற மின்னேற்றியாக அது இருத்தல் வேண்டும். ஆயினும், சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தை இம்மணியின் எப்பகுதியோடும் நேராக இணைத்தல் கூடவே கூடாது. மின்னேற்றியைப் பிரித்துப் பார்ப்பதும், ஈரக்கையால் தொடுவதும், உடைந்த செருகியைப் பயன்படுத்துவதும் உயிருக்கு ஊறு விளைவிப்பன. ஐயம் இருப்பின் மின்கலங்களே போதும் என்று விட்டுவிடுக.

ஈயப்பற்று வைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். எழும் புகையை முகர வேண்டா. வேலை முடிந்ததும், உண்பதற்கு முன்பு கைகளைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுங்கள். சூடேறிய பற்றுக்கோலும், சிறு மின்கலங்களும், திருகாணிகளும் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

யாவற்றிற்கும் மேலாக ஒன்றைக் கூற வேண்டும். மணி காவலுக்குத் துணையாகுமேயன்றி, அதுவே காவலாகிவிடாது. மணி இருக்கிறதே என்று குழந்தையைத் தனியே விட்டுச் செல்வதும், நோயுற்ற முதியவரைப் பார்ப்பாரின்றி விட்டுச் செல்வதும் பெருந்தவறு. கேட்டு எழுந்து ஓடிவரும் ஒருவர் வீட்டில் இருந்தால்தான் அவ்வொலிக்குப் பயன் உண்டு. அண்டை வீட்டாருக்கும் மணியின் பொருளைச் சொல்லி வைத்தால், ஒரு வீட்டின் மணி இரண்டு வீட்டுக்குக் காவலாகும்.

இளைஞர்களுக்கு

மிதிபாய்க்குப் பதிலாக வேறு உணரிகளையும் இதே பலகையில் இணைத்துப் பார்க்கலாம். காந்தம் அருகில் வந்ததும் இணையும் ரீட் சுவிட்சை நிலையில் பொருத்தி, கதவு திறக்கும் வழியில் காந்தம் அதனைக் கடந்து செல்லுமாறு அமைத்தால், கதவு அசையும்போது மணி ஒலிக்கும். உணரி முனையை மேல்கம்பியோடு சேர்த்துப் பிரிக்கும் எதுவும் இம்மணியை ஒலிக்கச் செய்யும் என்பதே விதி. அவ்விதியைப் புரிந்துகொண்டவர் தம் வீட்டின் தேவைக்கேற்ப உணரியைத் தாமே அமைத்துக்கொள்வார்.

மின்தடைகளை மாற்றிச் சுருதியை மாற்றுங்கள். மாற்றுமுன் கணக்கிட்டுப் பாருங்கள். மாற்றிய பின் கணக்கும் காதும் ஒத்துப்போகின்றனவா என்று சோதியுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் முதலில் கற்பதும் இதனையே. கையில் பற்றுக்கோல் பிடித்துப் பழகி, ஒரு மின்சுற்றின் குறையைத் தாமே தேடிக் கண்டுபிடித்துத் திருத்திய பிள்ளைக்கு, மலேசியத் திறன் சான்றிதழுக்கான பயிற்சி அச்சமூட்டுவதாக இராது. பெற்றோர், பழுதான வானொலியைத் தூக்கி எறியுமுன் பிள்ளைகளிடம் கொடுத்து, அதிலுள்ள ஒலிபெருக்கியைக் கழற்றச் சொல்லலாம். அவர்கள் செய்யும் முதல் மணி தம் பாட்டியின் செவிக்கு எட்டி, அவர் எழுந்து வந்து தம்பியைத் தூக்கிக்கொள்ள உதவுமானால், கற்ற கல்வியின் பயனை அவர்கள் அன்றே கண்டவராவர்.